மேஜையில் மாசி மட்டும்

தேனி பஜாரை ஒட்டிய அந்தச் சின்ன சர்ச்சில் அறுப்பின் பண்டிகைக்கு ஆப்பிள் வைப்பார்கள். ஆப்பிள் மட்டுமா? கிவி வைப்பார்கள், டிராகன் பழம் வைப்பார்கள், வாயில் நுழையாத பேர் கொண்ட காயெல்லாம் வைப்பார்கள். கூடையில் அடுக்கி, கண்ணாடித் தாள் சுற்றி, ரிப்பன் கட்டி, "ஆண்டவரே, எங்கள் நிலத்தின் பலனுக்காக ஸ்தோத்திரம்" என்று பீடத்துக்கு முன்னால் இருக்கும் நீள மேஜையில் கொண்டுபோய் வைப்பார்கள். எந்த நிலம், யாருடைய நிலம் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. கேட்டால் ஆண்டவருக்கே சிரிப்பு வந்துவிடும்.

வருஷத்தில் ஒரு ஞாயிறு, மாசி பிறந்ததும் வரும் பண்டிகை அது. விளைச்சலில் முதல் பங்கைக் கொண்டுவந்து வைத்து ஜெபம் பண்ணி, ஆராதனை முடிந்ததும் வெளியே பந்தலில் ஏலம் விட்டு, சபைக் காரியத்துக்கு எடுத்துக்கொள்வார்கள். நல்ல வழக்கம்தான். அதில் ஸ்டிக்கர் ஒட்டிய பழம் எப்போது வந்து உட்கார்ந்தது என்று யாருக்கும் தெரியாது. உட்கார்ந்த பிறகு எழுப்ப யாருக்கும் தைரியமில்லை.

பண்டிகைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, அறிவிப்பு நேரத்தில் பெண்கள் ஐக்கிய சங்கச் செயலாளர் ஜெஸ்லின் எழுந்துபோய் மைக்கைப் பிடித்தாள். முப்பத்தெட்டு வயது. சத்தமாகப் பேசிப் பழக்கமில்லாதவள்.

"அடுத்த ஞாயித்துக்கிழம மேஜையில, இந்தப் பள்ளத்தாக்குல இந்த மாசியில பறிச்சதும் அறுத்ததும் தோண்டுனதும் மட்டுந்தான் இருக்கும். வேற எது வந்தாலும் வைக்க மாட்டேன். என்னென்ன கெடைக்கும்னு எழுதி நோட்டீஸ் போர்டுல ஒட்டிருக்கேன். மேஜைக்குப் பொறுப்பு நான்."

சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டாள். பின் வரிசையில் சிரிப்பு கேட்டது. முன் வரிசையில் அவளுடைய மாமனார் இம்மானுவேல் சிரிக்கவில்லை. அவர் சபைப் பொருளாளர். பஜாரில் நாற்பது வருஷமாகப் பழமண்டி நடத்துகிறவர். அந்த மண்டியிலிருந்து வரும் ஆப்பிள் கூடைதான் வருஷா வருஷம் மேஜையில் முதல் கூடை, ஏலத்திலும் முதல் கூடை. மருமகள் மைக்கில் சொன்னது யாரைப் பார்த்துச் சொன்னது என்பது சபையில் கைக்குழந்தைக்கும் புரிந்தது.

நோட்டீஸ் போர்டுக்கு முன்னால் கூட்டம் கூடியது. அவரை, மொச்சை, துவரங்காய், சர்க்கரைவள்ளி, பூசணி, இலந்தை, புதுப்புளி, சின்ன வெங்காயம், வாழை, பன்னீர் திராட்சை என்று ஜெஸ்லின் தன் குண்டுக் கையெழுத்தில் எழுதியிருந்தாள். அதற்குக் கீழே ஒரு கோடு போட்டு, 'மாங்காய்: இப்போதுதான் பூ. ஆப்பிள்: எந்த மாதத்திலும் இல்லை' என்றும் எழுதியிருந்தாள். அந்தக் கடைசி வரியை ஒருத்தர் போனில் படம் பிடித்தார்.

"கேரட்ட விட்டுட்டியேம்மா, அது தெனமும் வருதுல்ல?" என்று ஜவுளிக்கடை சொர்ணலதா கேட்டாள்.

"மதுர பஸ்சுகூட தெனமும் வருது மதினி. அதுக்காக மதுர நம்மூருன்னு சொல்லுவீகளா?" என்றாள் ஜெஸ்லின்.

ஜெஸ்லினுக்கு இந்த வேகம் எங்கிருந்து வந்தது என்று எல்லாரும் ஆச்சரியப்பட்டார்கள். அது வந்த இடம் அவளுக்குத் தெரியும். போன வருஷப் பண்டிகையில், அதே மேஜைக்கு அடியிலிருந்து வந்தது.

போன வருஷம் வீரபாண்டிப் பக்கத்திலிருந்து அபிதா என்று ஒருத்தி வந்திருந்தாள். முக்கால் ஏக்கர் குத்தகைக்குப் பிடித்து விவசாயம் பார்க்கிறவள். சபைக்குப் புதுசு. பின் வரிசையில் உட்கார்ந்து, பாட்டுப் புத்தகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பாடுவாள். பண்டிகை அன்று ஒரு மஞ்சள் பை நிறைய அவரைக்காய் கொண்டுவந்து, மேஜையை அலங்கரித்துக்கொண்டிருந்த ஜெஸ்லின் கையில் கொடுத்தாள். மேஜை நிறைந்திருந்தது. கண்ணாடித் தாள் கூடைகளுக்கு நடுவில் அந்தப் பை எடுப்பாக இல்லை. போட்டோக்காரர் வேறு வந்து நின்றுகொண்டிருந்தார். ஜெஸ்லின் தரைவரை தொங்கிய வெள்ளைத் துணியைத் தூக்கி, பையை மேஜைக்கு அடியில் தள்ளினாள். அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அப்புறம் மறந்தே போனாள்.

மறுநாள் திங்கட்கிழமை ஜெஸ்லின் தனியாக நின்று துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோது அபிதா வந்தாள். ஏலத்தில் காய் போயிருக்கும், பை மட்டும் மிஞ்சியிருக்கும் என்று நினைத்து வந்திருந்தாள்.

"பையைக் குடுங்கக்கா, சந்தைக்கு ஆகும்" என்றாள்.

ஜெஸ்லின் பதில் சொல்வதற்குள் அவளே குனிந்து துணியைத் தூக்கிப் பார்த்துவிட்டாள். பை நிறைந்தபடியே இருந்தது. காய் வாடிச் சுருங்கிக் கிடந்தது. அபிதா பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு ஒரு ஞாயிறுகூட வரவில்லை.

ஜெஸ்லினுக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, சனிக்கிழமை விடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு உழவர் சந்தைக்குப் போனாள். பழமண்டி வீட்டு மருமகள். வீட்டுக்கு வேண்டிய காய் எல்லாம் மண்டிக்குப் பக்கத்துக் கடையிலிருந்து தானாக வந்துவிடும். கல்யாணமாகி வந்த பதினாலு வருஷத்தில் அவள் அந்தச் சந்தை வாசலை மிதித்ததில்லை. மன்னிப்புக் கேட்கத்தான் போனாள். தராசுக்குப் பின்னால் அபிதாவின் முகத்தைப் பார்த்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டது. "அரைக் கிலோ வெண்டைக்காய்" என்றாள். அபிதா சரியாக நிறுத்துப் போட்டாள், கூடவே நாலு காய் கொசுறும் போட்டாள். கொசுறுதான் ஜெஸ்லினைக் கொன்றது.

அப்படி ஒரு வருஷம் போனது. வாரா வாரம் மன்னிப்புக் கேட்கப் போய், காய் வாங்கிக்கொண்டு வந்தாள். கேட்க வந்ததைக் கேட்க முடியாததால் வேறு எதையாவது கேட்டாள். இது ஏன் இன்றைக்குச் சின்னதாக இருக்கிறது, போன வாரம் இருந்தது இந்த வாரம் எங்கே, அந்தப் பெரியவர் மட்டும் ஏன் பாகற்காய் ஒன்றையே விற்கிறார். அபிதா கேட்டதற்குப் பதில் சொல்வாள், அதற்கு மேல் ஒரு சொல் வராது. லோயர் கேம்பில் அணைத் தண்ணீர் திறந்த தேதியை வைத்துக்கொண்டு எந்தக் காய் எந்த வாரம் சந்தைக்கு வரும் என்று விரல் விட்டு எண்ணுவாள். ஆடியில் நாவல் வந்தது. நாக்கு ஊதாவாகி வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். புரட்டாசியில் சீத்தாப்பழம் மேட்டுக்காட்டிலிருந்து சாக்கில் வந்தது. கார்த்திகை மழையில் சந்தை பாதி காலியாக இருந்தது, அன்றைக்குக் கீரைத்தண்டும் பிரண்டையும்தான். கையை வீசிக்கொண்டு திரும்பிப் போன ஆட்களைப் பார்த்து ஜெஸ்லினுக்கு எரிச்சல் வந்தது. காலியாக இருப்பதும் ஒரு பருவம்தானே.

இதில் இந்த ஊர்க்காரர்களைக் கெடுத்தது கம்பம் திராட்சை. வருஷம் முழுக்கக் கொடியில் பழம் தொங்குகிற ஊர் உலகத்தில் எத்தனை இருக்கும்? பார்த்துப் பார்த்து, எல்லாப் பழமும் அப்படித்தான், எல்லாக் காயும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டார்கள். வடுகபட்டிச் சந்தையில் விற்பதால் பூண்டுக்கு வடுகபட்டிப் பூண்டு என்று பேர். விளைந்தது மேலே மலையில் என்று யார் யோசிக்கிறார்கள்? ஜெஸ்லினும் யோசித்ததில்லைதான். ஆனால் இந்த ஒரு வருஷத்தில் அவளுக்கு ஒரு கேள்வி அகப்பட்டது. அதை யாரும் சொல்லித் தரவில்லை, தானாக வாயில் வந்தது.

சந்தைக்கு வெளியே சாலையோரத்தில் சுருளிராஜன் என்பவன் தள்ளுவண்டி போட்டிருப்பான். கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், வழவழவென்று ஒரே அளவில் தக்காளி. "நம்ம ஊரு காயி, நம்ம ஊரு காயி" என்று கூவுவான்.

"இது எப்ப முடியும்?" என்று ஒருநாள் அவனிடம் கேட்டாள்.

"எது அக்கா?"

"இந்தக் காயி. இன்னும் எத்தன நாளைக்கு வரும்?"

"எப்பவும் வரும்க்கா! என்னைக்கு வேணும்னாலும் வாங்க, இருக்கும்."

உள்ளே போய் அதே கேள்வியை மொச்சை விற்றவளிடம் கேட்டாள். "மாசி முடிய வரும் ஆத்தா, பனி போச்சுன்னா பூச்சி விழுந்துரும்" என்றாள். வெள்ளரிக்காரர், "இன்னும் ரெண்டு பறிப்பு, அதுக்கு மேல கொடி தாங்காது" என்றார். சொந்தமாக விளைவித்தவருக்குத் தன் காய் எப்போது முடியும் என்று தெரியும். வாங்கி விற்கிறவனுக்கு எதுவும் முடிவதே இல்லை. அன்றிலிருந்து அந்த ஒரு கேள்வியை வைத்தே ஜெஸ்லின் சந்தை செய்தாள். ஏமாந்ததில்லை.

பண்டிகைக்கு முந்தின நாள் சனிக்கிழமை, வழக்கம்போல அபிதாவின் கடைக்கு முன்னால் போய் நின்றாள். இந்தத் தடவை காய் கேட்கவில்லை.

"நாளைக்கு அறுப்பின் பண்டிக. நீ வரணும் அபிதா."

அபிதா தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "எதுக்குக்கா? மேஜைக்கு அடியில எடம் கெடக்குன்னா?"

ஒரு வருஷமாக இருவருக்கும் நடுவில் கிடந்த சொல்லை அவளே எடுத்துப் போட்டுவிட்டாள். ஜெஸ்லினுக்குக் காது சூடாயிற்று.

"இந்த வருசம் மேஜைக்கு நான் பொறுப்பு. நம்ம பக்கத்துல வெளஞ்சது மட்டுந்தான் வைக்கணும்னு சொல்லிட்டேன்."

"சொல்லிருவீக. ஒங்க வீட்டு ஆப்பிளு?"

"அதுவும் வராது."

அபிதா இப்போது நிமிர்ந்து பார்த்தாள். பயமும் இல்லை, பணிவும் இல்லை. "சரிக்கா. வாரேன். என் அவரைக்காயோட வாரேன். ஆனா ஒண்ணு. ஸ்டிக்கர் ஒட்டுன பழம் ஒண்ணே ஒண்ணு அந்த மேஜையில இருந்தாலும் வாசல்லயே திரும்பிருவேன். அப்பறம் எந்த சர்ச்சுக்கும் வர மாட்டேன்."

"திரும்ப மாட்ட" என்றாள் ஜெஸ்லின். சொன்ன பிறகுதான் எவ்வளவு பெரிய வாக்கைக் கொடுத்துவிட்டோம் என்று தெரிந்தது.

வீட்டில் அவள் கணவன் கிறிஸ்டோபர் சாயங்காலம் மண்டியிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டான். நல்ல மனுஷன், ஆனால் அப்பா முன்னால் நின்றால் பள்ளிக்கூடத்துப் பையனாகிவிடுவான்.

"கூட ரெடியா இருக்கு. அப்பாவே உக்காந்து அடுக்குனாக. ஒரு பழம் விடாம தொடச்சு அடுக்குனாக, ஜெஸ்லின். எழுபது வயசாகப் போகுது. ஒரே ஒரு கூடதான. ஓரமா வச்சிரேன்."

"ஓரமா வைக்கத்தான் போன வருசம் ஒருத்தியோட காய எடுத்தேன். அடியில போயிருச்சு."

"அதுக்கு அப்பா என்ன செஞ்சாக?"

"அவுக ஒண்ணும் செய்யல. செஞ்சது நான். அதான் நானே நிக்கிறேன்."

கிறிஸ்டோபர் காபியைக் குடிக்காமல் டம்ளரையே பார்த்துக்கொண்டு இருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கே மேஜை நிறைய ஆரம்பித்தது. சொர்ணலதா துவரங்காய்க் கட்டு கொண்டுவந்தாள். சந்தையில் அலைந்து வாங்கியதாகவும், விற்றவளிடம் எப்போது முடியும் என்று கேட்டதாகவும் பெருமையாகச் சொன்னாள். ஓடைப்பட்டிக்காரர் ஒருவர் தலையில் பூசணிக்காய் வைத்துக்கொண்டு வந்தார். சர்க்கரைவள்ளி மண்ணோடு வந்தது. இலந்தை ஒரு சொப்பு வாளியில் வந்தது. மஞ்சள் குலை, செங்கரும்பு, ஓடு உடைத்த புதுப்புளி. கண்ணாடித் தாள் ஒன்றுகூட இல்லை. சர்ச்சுக்குள் மண்வாசமும் புளிவாசமும் அடித்தது. ஜெஸ்லின் மேஜைத் துணியை இந்தத் தடவை தரைவரை தொங்க விடவில்லை. மடித்து மேலே தூக்கிக் குண்டூசி குத்தியிருந்தாள். அடியில் எது போனாலும் சபை முழுக்கப் பார்க்கட்டும் என்றுதான்.

ஆராதனைக்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. இம்மானுவேல் உள்ளே வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. கூடையை வேறு யார் கையிலும் கொடுக்காமல் தானே சுமந்து வந்தார். சிவப்புச் சிவப்பாக ஆப்பிள், ஒவ்வொன்றிலும் ஒரு குட்டி ஸ்டிக்கர். பேச்சுச் சத்தம் அடங்கிவிட்டது. பாஸ்டர் பக்க அறை வாசலில் வந்து நின்றார். உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

"தள்ளும்மா" என்றார் இம்மானுவேல்.

"வைக்க முடியாது மாமா."

"என் கூடயத் தடுக்க நீ யாரு?"

"மேஜைக்குப் பொறுப்பு நான். ஒரு வாரத்துக்கு முன்னாடியே சொல்லிட்டேன்."

அவர் கத்துவார் என்று ஜெஸ்லின் எதிர்பார்த்திருந்தாள். கௌரவத்தைப் பற்றிப் பேசுவார், குடும்பத்தைப் பற்றிப் பேசுவார், அதற்கெல்லாம் பதில் தயாராக வைத்திருந்தாள். அவர் கத்தவில்லை. குரல்தான் நடுங்கியது.

"நாப்பது வருசம்மா. கருக்கல்ல எந்திரிச்சு லாரிக்குக் காத்துக் கெடந்தவன் நான். மழையில பெட்டி சொமந்தவன். இந்தத் தோளு இப்பிடிக் கோணிக் கெடக்குறது எதனாலன்னு நெனைக்கிற? உழுதவன் வேர்வ மட்டுந்தான் வேர்வையா? ஏவாரிக்கு அறுப்பு கெடையாதா? நான் கொண்டாந்தா ஆண்டவரு வாங்கிக்க மாட்டாரா?"

அது நியாயம். நியாயம் இல்லை என்று ஜெஸ்லினால் சொல்ல முடியவில்லை. இந்த மனிதர் சுமந்த பெட்டிகளில்தான் அவள் வீடு நிற்கிறது. பின்னால் இரண்டு மூன்று பேர் "அய்யா சொல்றதும் சரிதான்" என்று முணுமுணுத்தார்கள். ஒரு அடி நகர்ந்தால் போதும், எல்லாம் சுமுகமாகிவிடும். அவள் வாசலைப் பார்த்தாள். அபிதா இன்னும் வரவில்லை. நகர்ந்துவிட்டு அந்த முகத்தில் எப்படி முழிப்பது? கால் நகரவில்லை.

"மாமா, ஒங்க வேர்வைய நான் ஒரு நாளும் கொறச்சுச் சொல்ல மாட்டேன். பழத்தத் தொட்ட ஒடன பறிச்ச நாள் சொல்ற ஆளு நீங்க. இந்த பஜார்ல ஒங்களுக்கு மேல பழம் தெரிஞ்சவுக கெடையாது. அதனால ஒங்ககிட்டயே கேக்குறேன். இது எப்பப் பறிச்சது?"

இம்மானுவேல் கூடையைப் பார்த்தார். அந்த மனிதரிடம் ஒரு குணம் உண்டு. புளித்த பழத்தைப் புளித்தது என்றே சொல்லி விற்பார். பழத்தைப் பற்றி ஒரு பொய் சொன்னதாக அவரை யாரும் சொல்ல முடியாது. நாற்பது வருஷ மண்டி அந்த ஒரு குணத்தில்தான் நடந்தது. சபை முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும்போதும் அவருக்குப் பொய் வரவில்லை.

"போன ஆவணியில" என்றார்.

"எங்கன?"

"கடலுக்கு அங்கிட்டு."

"இது எப்ப முடியும் மாமா?"

"முடியாது. குளுர் அறையில இருக்குற வரைக்கும் வரும்."

"அப்ப இது அறுப்பு இல்ல மாமா. ஸ்டாக்கு."

யாரோ சிரித்துவிட்டார்கள். ஜெஸ்லின் சிரிக்க வைப்பதற்காகச் சொல்லவில்லை. ஆனால் சிரிப்பு விழுந்துவிட்டது, இம்மானுவேலின் முகம் கறுத்துவிட்டது. குனிந்தார். கூடையை மேஜைக்கு அடியில் ஒரே தள்ளாகத் தள்ளினார்.

"அங்கனயே கெடக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய் முன் வரிசையில் உட்கார்ந்தார். பாட்டுப் புத்தகத்தைத் திறந்து முகத்துக்கு முன்னால் வைத்துக்கொண்டார்.

கிறிஸ்டோபர் அதுவரை தூண் ஓரமாக நின்றுகொண்டிருந்தான். இப்போது மெதுவாக வந்து, கையிலிருந்த காகிதப் பையைப் பிரித்து, இரண்டு குலை பன்னீர் திராட்சையை மேஜையில் வைத்தான். "கம்பத்துத் தோட்டக்காரர் ஒருத்தரு விடியக்கால பஸ்ல குடுத்துவிட்டாரு. நேத்துச் சாயங்காலம் வெட்டுனது" என்றான், அவள் கேட்காமலே. அப்பா பக்கம் அவன் பார்க்கவில்லை. பதினாலு வருஷத்தில் அவன் செய்த பெரிய வீரம் அது.

மேஜையில் ஸ்டிக்கர் இல்லை. வாக்கைக் காப்பாற்றியாகிவிட்டது. அடியில் ஆப்பிள் கூடை கிடந்தது, போன வருஷம் மஞ்சள் பை கிடந்த அதே இடத்தில். கிடக்கட்டும், ஒரு நாளைக்கு அதுவும் கிடந்து பார்க்கட்டும் என்று ஜெஸ்லினுக்குத் தோன்றியது. அந்த நினைப்பு கொஞ்சம் இனிக்கவும் செய்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

முதல் பாட்டு ஆரம்பித்து இரண்டாவது அடி பாடும்போது அபிதா வந்தாள். பஸ் தாமதம் போல, மூச்சு வாங்கியது. தோளில் அதே மஞ்சள் பை. வாசலில் நின்று மேஜையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தாள். சந்தையில் எதிர்க்கடைக் காயைப் பார்க்கிற அதே பார்வை. திருப்தியானாள் என்று தெரிந்தது. நடந்து வந்தாள். மேஜைக்குப் பக்கத்தில் வந்ததும் அடியில் கிடந்த கூடை கண்ணில் பட்டது. நின்றுவிட்டாள்.

திரும்பிவிடுவாளோ? மேஜையில்தானே இருக்கக்கூடாது என்றாள், இது அடியில்தானே இருக்கிறது என்று ஜெஸ்லின் மனசுக்குள் வக்கீல் மாதிரி வாதாடினாள்.

அபிதா பையைத் தரையில் வைத்தாள். குந்தி உட்கார்ந்து, இரண்டு கையையும் விட்டுக் கூடையை வெளியே இழுத்தாள். மேலே ஒட்டியிருந்த தூசியைச் சேலைத் தலைப்பால் தட்டினாள். யாருடையது என்று அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஊருக்கே தெரிந்த கூடை. தூக்கிக்கொண்டு நேராக முன் வரிசைக்குப் போய், இம்மானுவேலின் மடியில் வைத்தாள். பாட்டு தடுமாறியது. ஆர்கன் மட்டும் தனியாக ஓடிக்கொண்டிருந்தது.

"இத அடியில வைக்காதீக அய்யா. அடியில வச்சா எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியும். கையிலயே வச்சிக்கங்க."

மரியாதையாகத்தான் சொன்னாள். ஆனால் மேஜையில் வையுங்கள் என்று சொல்லவில்லை. இம்மானுவேல் பாட்டுப் புத்தகத்தை இறக்கினார். அவளை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு கூடையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

அபிதா திரும்பி வந்து மஞ்சள் பையை எடுத்தாள். ஜெஸ்லின் வாங்குவதற்குக் கையை நீட்டினாள். அபிதா கொடுக்கவில்லை. அவளைச் சுற்றிக்கொண்டு போய், மேஜையின் நட்டநடுவில், பூசணிக்கும் திராட்சைக்கும் இடையில், பையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். அவரைக்காய் கொட்டிக் குவிந்தது. சில காய் இலந்தை வாளிக்குள் விழுந்தது, சில தரையில் சிதறியது. ஜெஸ்லின் காலையிலிருந்து பார்த்துப் பார்த்து அடுக்கிய ஒழுங்கெல்லாம் போயிற்று. அவளுக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது. ஒரு வருஷப் பழக்கத்தில் அதே கேள்விதான் வாயில் வந்தது.

"இது எப்ப முடியும் அபிதா?"

"முடிஞ்சிருச்சுக்கா. இன்னிக்குக் காலைலதான் கடைசிப் பறிப்பு. கொடிய இழுத்துப் போட்டுட்டு வாரேன்."

சபை மறுபடி பாட ஆரம்பித்திருந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவில் ஜெஸ்லின் சொல்லிவிட்டாள். ஒரு வருஷமாக, ஐம்பது சனிக்கிழமையாக, சொல்ல முடியாமல் வெண்டைக்காயாகவும் கத்தரிக்காயாகவும் வாங்கிக்கொண்டு போனதைச் சொல்லிவிட்டாள்.

"போன வருசம் ஒன் பைய அடியில தள்ளுனது நாந்தான்."

"தெரியும்க்கா" என்றாள் அபிதா. காலிப் பையை உதறி நாலாக மடித்தாள். "அதான் இந்தத் தடவ ஒங்க கையில குடுக்கல. நானே வச்சேன்."

சொல்லிவிட்டு, பின் வரிசைக்குப் போகாமல், பெண்கள் பக்கத்தில் முன் வரிசையில் போய் உட்கார்ந்து பாட்டுப் புத்தகத்தைத் திறந்தாள்.